கல்லாகிப் போன நெஞ்சங்கள்



ஆஸ்திரேலியா என்றதும் உன் நினைவிலே எழுவது என்ன? கங்காரு துள்ளும், கிரிக்கெட் பந்து சீறும், சிட்னித் துறைமுகத்தின் ஓரத்திலே, பாய் விரித்த கப்பல்போல் நிற்கும் இசையரங்கம் கண்முன் தோன்றும். மக்கள் நல்வாழ்விலே அக்கறை கொண்டோர் வேறு சில பெருமைகளையும் சேர்த்துச் சொல்வர்; சொல்வது முறையுங்கூட. மோட்டாரில் செல்வோர் இருக்கைவார் அணிந்தே தீரவேண்டும் என்று 1970-ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றி உலகுக்கு வழிகாட்டியது அந்நாட்டின் விக்டோரியா மாநிலம். சிகரெட் பெட்டியின் மீதிருந்த பகட்டு வண்ணத்தையும் பளபளக்கும் சின்னத்தையும் உரித்தெறிந்து, எல்லாப் பெட்டியையும் ஒரே மங்கிய நிறத்தில், நோயின் படத்தோடு விற்கச் சொன்ன முதல் நாடு அது; ஆண்டு 2012. புகையிலைக் கம்பெனிகள் வழக்குமன்றம் ஏறின, தோற்றுத் திரும்பின. 1984 முதல் நடந்துவரும் 'மெடிகேர்' திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையிலே கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு உண்டு.

அறிவு இல்லாத நாடல்ல. பணம் இல்லாத நாடல்ல. மருத்துவர் இல்லாத நாடல்ல. சட்டம் இல்லாத நாடுமல்ல.

அந்த நாட்டிலேதான், தோழனே, முப்பது வயதும் நாற்பது வயதும் நிரம்பிய கட்டுடல் படைத்த உழைப்பாளிகள், மாடிப்படி நாலு ஏறுவதற்குள் மூச்சிரைத்து நின்றார்கள். பிள்ளையைத் தூக்கித் தோளில் வைக்க முடியாமல் தவித்தார்கள். சளி என்றெண்ணி மருந்து குடித்தார்கள்; களைப்பு என்றெண்ணி ஓய்வெடுத்தார்கள். மருத்துவர் மார்பைப் படமெடுத்துப் பார்த்தார். உள்ளே தழும்புகள்! முடிச்சு முடிச்சாகத் தழும்புகள்! விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், இறுகிக் கெட்டிப்பட்டுக் கிடந்தது.

இரக்கமற்றவனைக் கல்நெஞ்சன் என்கிறோமே, அது உவமை. அங்கே உவமை உண்மையாகி விட்டது. ஆனால் எவன் இரக்கமற்றவனோ அவன் நெஞ்சு கல்லாகவில்லை. எவன் உழைத்தானோ அவன் நெஞ்சு கல்லாகிப் போயிற்று!

நோயின் பெயர் சிலிகோசிஸ். அதைத் தந்தது எது தெரியுமா? கொள்ளை நோய்க் கிருமியா? அல்ல. கொடிய போரா? அல்ல. சமையல் மேடை! ஆம், செல்வர் இல்லங்களிலே, பின்னர் நடுத்தர மக்களின் இல்லங்களிலும், கண்ணாடிபோல் மின்னிய சமையல் மேடை.

அந்த மேடைக்கான கல், மலையிலே பிறந்த கல்லல்ல. ஆலையிலே பிறந்த கல். குவார்ட்ஸ் என்னும் கல்லைப் பொடியாக்கி, பிசினோடு பிசைந்து, வண்ணம் சேர்த்து, அழுத்திச் சூடேற்றிப் பலகையாக வார்க்கிறார்கள். கறை படியாது, கீறல் விழாது, இயற்கைக் கல்லைவிட விலையும் பல சமயம் குறைவு. வாங்குபவருக்கு இனிமை, விற்பவருக்கு இலாபம். அறுப்பவனுக்கு?

கணக்கைக் கேள். சலவைக் கல்லிலே சிலிகா நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவு. கிரானைட்டிலே ஏறத்தாழ முப்பது பங்கு. இந்த ஆலைக் கல்லிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குவரை! வீட்டிலே கிடக்கும்வரை அந்தப் பலகை எவருக்கும் தீங்கு செய்வதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் ஓட்டை வேண்டும், அடுப்புக்கு ஓர் இடைவெளி வேண்டும், முனை மழுங்க வேண்டும் என்று சுழலும் வாள்கொண்டு அறுக்கும்போதுதான் அது உயிரெடுக்கும் தூசியாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியையாவது தும்மி வெளியேற்றலாம். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் நுண்ணியதாகி, கண்ணுக்கே தெரியாமல் மிதக்கும் துகள் இருக்கிறதே, அதுதான் நுரையீரலின் அடியாழம்வரை இறங்குகிறது.

இறங்கியதும் என்ன நடக்கிறது? நம் உடலிலே காவற்படை உண்டு. அயலான் புகுந்தால் விழுங்கிச் செரிக்கும் உயிரணுக்கள் அவை. சிலிகாத் துகளையும் அவை விழுங்குகின்றன. கிருமியைச் செரிக்கலாம், கல்லைச் செரிக்க இயலுமா? காவலன் மடிகிறான். மடியும்போது அபாயக் குரல் எழுப்புகிறான். அடுத்த காவலன் வருகிறான், அவனும் மடிகிறான். அந்தப் போர்க்களத்தின் தழும்புதான் நோய். வேலையை விட்ட பிறகும், தூசி நின்ற பிறகும், உள்ளே போர் நிற்பதில்லை. தழும்பு வளர்ந்துகொண்டே போகலாம். காசநோய் எளிதாகத் தொற்றும். புற்றுநோய்க்கும் கதவு திறக்கும். தழும்பை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. முற்றிய நிலையில், இறந்தவர் ஒருவரின் நுரையீரலைப் பெற்றுப் பொருத்திக்கொள்வதுதான் ஒரு சிலருக்கேனும் கிட்டும் வழி.

சுரங்கத்திலே இருபது ஆண்டு, முப்பது ஆண்டு உழைத்தவனைத் தாக்கும் கிழட்டு நோய் என்றுதான் இதனை எண்ணியிருந்தார்கள். இந்த ஆலைக் கல்லோ பத்தாண்டுக்குள்ளேயே அவன் ஆயுளைக் கணக்குத் தீர்த்தது. 2018 செப்டம்பரில் குவீன்ஸ்லாந்து மாநில அரசு அவசர எச்சரிக்கை விடுத்து, கல் அறுப்போரை அழைத்துச் சோதித்தது. வரிசை வரிசையாக நோயாளிகள் வெளிப்பட்டார்கள். நாடு முழுவதற்குமாக அமைக்கப்பட்ட தூசி நோய்ப் பணிக்குழு 2021-இல் தன் அறிக்கையைத் தந்தது. 2018-க்கு முன்பிருந்தே இத்தொழிலில் இருந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் சிலிகோசிஸ் அல்லது வேறு தூசி நோய் என்றது அந்த அறிக்கை.

நால்வரில் ஒருவர்! போர்க்களத்துக்கு அனுப்பும் படையிலேகூட நால்வரில் ஒருவரை இழந்தால் தளபதியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பார்கள். இவர்கள் போருக்குப் போனவர்களல்ல. அயலார் வீட்டுச் சமையலறையை அழகுபடுத்தப் போனவர்கள்.

இந்த இடத்திலே ஓர் ஐயம் உனக்கு எழலாம். 'பாவம், புதிய பொருள். அதன் தீங்கை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். அறிந்ததும் நடவடிக்கை எடுத்தார்கள். இதிலே யாரை நோவது?' என்று நீ கேட்கலாம். பொருள் புதிதுதான். நோய் புதிதா? ஆஸ்திரேலியாவின் தொழிலாளர் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1856-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள். மெல்போர்ன் பல்கலைக்கழகக் கட்டடத்திலே வேலை செய்துகொண்டிருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்தார்கள். அணிவகுத்து நடந்தார்கள். எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேரப் பொழுது, எட்டு மணி நேர உறக்கம் என்ற உரிமையை, கூலியில் குறைவின்றி வென்றெடுத்தார்கள். உலகத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைக்காகச் சிந்திய இரத்தத்தின் கதையை மே நாள்தோறும் நீ கேட்டிருக்கிறாய். அந்தக் கதையின் முன்வரிசையிலே நின்றவர்கள் ஆஸ்திரேலியக் கல்தச்சர்கள். மூன்று எட்டுகளைத் தாங்கிய நினைவுத்தூண் இன்றும் மெல்போர்னில் நிற்கிறது.

அடுத்த ஏட்டைப் புரட்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே புரோக்கன் ஹில் என்றொரு சுரங்க நகரம். வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் விளைந்த மண். அங்கே 1919-இல் தொடங்கி ஏறத்தாழ பதினெட்டு மாதம் நீடித்தது ஒரு வேலைநிறுத்தம். பட்டினி கிடந்தார்கள், பணியவில்லை. சுரங்கத் தொழிலாளரின் மார்பை மருத்துவர்கள் சோதித்தார்கள். தூசி தின்ற நுரையீரல்கள் சாட்சி சொல்லின. முடிவிலே, பூமிக்கடியில் உழைப்போருக்கு வாரம் முப்பத்தைந்து மணி நேரமே வேலை என்ற வெற்றி கிடைத்தது. நோயுற்றோருக்கு இழப்பீடும் கிடைத்தது. 1920-இல் அதே மாநிலத்தின் சட்டமன்றம், சிலிகோசிஸ் என்ற பெயரைத் தாங்கியே ஓர் இழப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது.

கவனி, தோழனே! 1920-இலேயே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்ட நோய் அது. 2018-இலே, தொண்ணூற்றெட்டு ஆண்டு கழித்து, 'அய்யோ, இது என்ன நோய்!' என்று நாடு திகைக்கிறது.

ஏன் இந்த மறதி? சுரங்கத்திலே ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக உழைத்தார்கள். ஒருவன் இருமினால் ஆயிரம் பேர் கேட்டார்கள். சங்கம் இருந்தது, சங்கத்துக்குக் குரல் இருந்தது. சமையல் மேடைக் கல்லை அறுத்ததோ, நகரின் ஒதுக்குப்புறத்திலே ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் சின்னஞ்சிறு பட்டறைகள். அங்கே உழைத்தோரில் வேறு வேறு நாடுகளிலிருந்து குடியேறி வந்தோர் பலர். மொழி புரியாதவன் எச்சரிக்கைப் பலகையை எப்படிப் படிப்பான்? குடியுரிமை உறுதியாகாதவன் முதலாளியை எதிர்த்து எப்படி வாய் திறப்பான்? தண்ணீர் பீய்ச்சி அறுத்தால் தூசி அடங்கும். ஆனால் தண்ணீர் பீய்ச்சினால் தரை சேறாகும், வேலை தாமதமாகும் என்று உலர் அறுப்பு நடந்தது. நோய், சங்கத்தின் கோட்டையை விட்டு விலகி, சங்கமில்லாத சந்துக்குள் குடிபுகுந்தது. இதுதான் மறதியின் காரணம். ஏடுகளிலே நோயின் பெயர் அழியவில்லை. எழுந்து நின்று அதைச் சொல்லும் வாய்தான் இல்லாமற் போயிற்று.

எச்சரிக்கை மணியும் ஒலிக்காமல் இல்லை. 2012-இலேயே இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள், ஆலைக் கல் அறுத்து நுரையீரல் கெட்டு, மாற்று நுரையீரலுக்காகக் காத்துக்கிடந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ ஏட்டிலே விரிவாக எழுதினார்கள். ஸ்பெயின் நாட்டிலும் இதே செய்தி. ஆஸ்திரேலியாவிலேயே 2015-இல் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஆயினும் பலகைகள் கப்பலேறி வந்துகொண்டே இருந்தன. பட்டறைகளில் வாள் சுழன்றுகொண்டே இருந்தது.

அந்நாடு ஏற்கெனவே பெற்ற பாடமொன்று உண்டு. அதையும் நினைவூட்டியே ஆகவேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவிலே விட்டனூம் என்றோர் ஊர் இருந்தது. நீலக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், வெட்டியெடுத்த ஊர். 1948-இலேயே எரிக் செயின்ட் என்ற மருத்துவர், இந்தத் தூசி மனிதரைக் கொல்லும் என்று அரசுக்கு எழுதினார். சுரங்கம் மூடப்பட்டதோ 1966-இல். அதுவும் இலாபம் வற்றியதால்! அங்கே உழைத்தோரும் வாழ்ந்தோருமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கல்நார் நோய்களுக்கு இரையானார்கள். இன்று அந்த ஊரின் பெயரே வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டு விட்டன. ஊரை அழித்து விடலாம்; உண்மையை அழிக்க முடியுமா?

கல்நாரை நாடு முழுவதும் தடை செய்த நாள் 2003 டிசம்பர் 31. எச்சரித்த மருத்துவரின் கடிதத்துக்கும் தடைக்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டு! கல்நார்ப் பலகை செய்த ஜேம்ஸ் ஹார்டி கம்பெனி தன் தலைமையகத்தை நெதர்லாந்து நாட்டுக்கு மாற்றிக்கொண்டது. நோயாளிகளுக்கென அது விட்டுச் சென்ற நிதியோ போதாதென்று ஆயிற்று. அப்போது, அதே கம்பெனியில் உழைத்து, அதே தூசியால் நோயுற்று, மூக்கிலே பிராணவாயுக் குழாயோடு போராட்ட மேடை ஏறினார் பெர்னி பேண்டன். தொழிற்சங்கங்கள் அவர் பின்னே அணிவகுத்தன. கம்பெனி இறங்கி வந்தது; 2007 தொடக்கத்தில் இழப்பீட்டு ஏற்பாடு உறுதியாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் பேண்டன் மறைந்தார். அரசு மரியாதையோடு விடை கொடுத்தது நாடு. மரியாதை பெரிது, மறுக்கவில்லை. எனினும் ஓர் உழைப்பாளிக்கு அரசு செய்யும் உயர்ந்த மரியாதை, அவன் சாகாமல் பார்த்துக்கொள்வதல்லவா?

ஆலைக் கல் விவகாரம் அம்பலத்துக்கு வந்ததும், பழைய பல்லவி மீண்டும் பாடப்பட்டது. 'கல்லின்மீது குற்றமில்லை, கையாளும் முறையிலே குற்றம். முகமூடி அணியட்டும், தண்ணீர் பீய்ச்சட்டும், உரிமம் வாங்கட்டும், சிலிகாவின் அளவை நாற்பது பங்குக்குக் குறைத்துக்கொள்ளலாம். தடை மட்டும் வேண்டாம்' என்றார்கள். கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும். நாடகம் எழுதிப் பழகியவன் நான். இந்த வாதத்தை ஒரு கற்பனைக் காட்சியாக்கி உன்முன் வைக்கிறேன். இடம்: வழக்குமன்றம். கூண்டிலே, மூச்சுத் திணறும் தொழிலாளி. எதிரே, கம்பெனியின் வழக்குரைஞர்.

வழக்குரைஞர்: உனக்கு முகமூடி கொடுத்தார்களா, இல்லையா?

தொழிலாளி: கொடுத்தார்கள், ஐயா.

வழக்குரைஞர்: அணிந்தாயா?

தொழிலாளி: அணிந்தேன். வியர்வை வழிந்தபோது நழுவியது, சரி செய்தேன். மேஸ்திரி கூப்பிட்டபோது, பதில் சொல்வதற்காகக் கழற்றினேன். சாப்பிடும்போது கழற்றினேன். என் சட்டையிலே படிந்த தூசி அப்போதும் பறந்துகொண்டுதான் இருந்தது.

வழக்குரைஞர்: ஆக, கழற்றியது நீ! குற்றம் உன்னுடையது!

தொழிலாளி: ஐயா, நான் ஒன்று கேட்கலாமா? தாங்கள் ஒரு நாளேனும் வீட்டுச் சாவியை மறந்ததுண்டா?

வழக்குரைஞர்: உண்டு. அதனால் என்ன?

தொழிலாளி: தாங்கள் மறந்தால் கதவு திறக்காது. நான் மறந்தால் உயிர் பிரியும். மனிதன் மறப்பான் என்று தெரிந்தும், நான் மறக்கவே மாட்டேன் என்ற நம்பிக்கையின்மீது இந்த வியாபாரத்தைக் கட்டியவர் யார், ஐயா?

திரை விழட்டும். கேள்வி மட்டும் நிற்கட்டும்.

ஊருக்குள்ளே புலி புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள். ஊர்த் தலைவர் வருகிறார். 'ஆளுக்கொரு ஈட்டி வைத்துக்கொள்ளுங்கள், இரவிலே விழித்திருங்கள், யாரையாவது புலி தின்றால், அவர் தூங்கிவிட்டார் என்று பொருள்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவரைத் தலைவர் என்பாயா? புலியைப் பிடிப்பதல்லவா முதல் வேலை! தொழிற்பாதுகாப்பு இயலும் இதையேதான் படிவரிசையாகச் சொல்கிறது. முதற்படி, ஆபத்தை அடியோடு நீக்கு. இயலாவிடில், ஆபத்தில்லாத பொருளை மாற்றாக வை. அதுவும் இயலாவிடில், பொறியமைத்துத் தூசியை உறிஞ்சு. பின்னர் வேலை முறையை மாற்று. இத்தனையும் செய்து மிஞ்சும் ஆபத்துக்குத்தான் கடைசிப் படியாக முகமூடி. கடைசிப் படியை முதற்படியாக்கி, அதிலே தொழிலாளியை நிறுத்தி வைத்து, வழுக்கி விழுந்தவன்மீது பழியும் போட்டார்களே, அதுதான் அநீதி.

2020-இல் அந்நாடு, காற்றிலே இருக்கத்தக்க சிலிகாத் தூசியின் அளவை, ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்பதிலிருந்து 0.05 ஆகக் குறைத்தது. எழுத்திலே எல்லை குறைந்தது. எண்ணற்ற சிறு பட்டறைகளிலே யார் போய் அளப்பது?

ஆகவே, உழைப்பாளர் உலகம் எழுந்தது. ஆஸ்திரேலியத் தொழிற்சங்கங்களின் பேரவை தடை கேட்டது. நுரையீரல் மருத்துவர்களும் உழைப்போர் உடல்நல வல்லுநர்களும் உடன் நின்றார்கள். நோயுற்றவர்களே முன்வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே தங்கள் கதையைச் சொன்னார்கள். கட்டுமானத் தொழிற்சங்கம் 2022-இலேயே நாள் குறித்தது: '2024 ஜூலைக்குள் அரசு தடை செய்யாவிடில், எங்கள் தோழர்களின் கை அந்தக் கல்லைத் தொடாது' என்பது அதன் அறிவிப்பின் சாரம். சங்கத்தின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கை தொடாத கல் மேடையாகுமா?

2023 அக்டோபரில், 'சேஃப் வொர்க் ஆஸ்திரேலியா' என்னும் அரசு அமைப்பு தன் அறிக்கையை வெளியிட்டது. சிலிகாவைக் குறைத்தால் இந்தக் கல் பாதுகாப்பானதாகி விடும் என்பதற்குச் சான்றில்லை. அளவு எதுவாயினும் முழுத்தடையே வேண்டும் என்றது அது. பன்னிங்ஸ், ஐக்கியா போன்ற பெருங்கடைகள், இனி இதை விற்கமாட்டோம் என்று நவம்பரில் அறிவித்தன. 2023 டிசம்பர் 13-இல் நடுவண் அரசின் அமைச்சரும் மாநில அமைச்சர்களும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். 2024 ஜூலை 1 முதல், ஆலைக் கல்லைச் செய்வதும் விற்பதும் அறுப்பதும் பொருத்துவதும் ஆஸ்திரேலியாவில் குற்றம்! அத்தகைய தடையை விதித்த முதல் நாடு அதுவே. 2025 ஜனவரி 1 முதல் இறக்குமதிக்கும் கதவடைப்பு.

தடை வந்தால் தொழில் அழியும், பட்டறைகள் மூடும், வீடு கட்டுவோர் தவிப்பர் என்று அஞ்சவைத்தார்களே, என்ன ஆயிற்று? அடுப்பு அணைந்ததா? உலை கொதிக்கவில்லையா? தடைக்கு உட்படாத வேறு பலகைகள், சிலிகாத் தூசி தராத புதிய பலகைகள் கடைக்கு வந்தன. அவற்றைச் செய்யும் அறிவு வானத்திலிருந்து திடீரென்று குதித்ததா? சட்டத்தின் கதவு அடைபட்டதும் அறிவின் சன்னல் திறந்தது, அவ்வளவுதான். கொல்லாத பொருளைச் செய்ய முடியும் என்றால், கொல்லும் பொருளை அத்தனை ஆண்டு விற்றது ஏன்? இந்தக் கேள்விக்குக் கணக்குப் புத்தகத்திலே விடை இருக்கும், மனச்சாட்சியிலே இருக்காது.

தடையைப் பாராட்டுகிறேன்; மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தடையோடு கதை முடிந்துவிட்டதென்று கைதட்டிக் கலைந்துவிடாதே. நேற்று உள்ளே போன தூசியை இன்றைய சட்டம் வெளியே எடுக்காது. முப்பத்தைந்து வயதிலே, 'இந்தத் தொழிலுக்கு இனித் திரும்பாதே' என்று மருத்துவர் சொல்கிறார். வேறு தொழில் அவன் அறியான். வீட்டுக் கடன் தவணை நிற்காது. பிள்ளையின் பள்ளிச் செலவு நிற்காது. மனைவி தொழிலாளியாகவும் தாதியாகவும் இரட்டைச் சுமை தூக்குகிறாள். மூன்று மாதத்துக்கொரு முறையோ ஆறு மாதத்துக்கொரு முறையோ படமெடுத்து, தழும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ என்று நடுங்கிக் காத்திருப்பது எத்தகைய வாழ்வு! நோய் ஒருவன் மார்பிலே. வலி ஒரு குடும்பத்தின் மார்பிலே.

வேறிடங்களிலும் தூசி ஓயவில்லை. சிட்னியின் அடியிலே மணற்கல்லைக் குடைந்து சாலைக்கும் இரயிலுக்கும் சுரங்கப் பாதை அமைக்கிறார்கள். அந்த மணற்கல்லிலும் சிலிகா நிறைய உண்டு. கர்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட கணிப்பு ஒன்று உண்டு: அந்நாட்டிலே பல தொழில்களில் சிலிகாத் தூசிக்கு ஆளான உழைப்பாளரில், காலப்போக்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரல் புற்றுநோயும், எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிலிகோசிஸும் வரக்கூடும் என்பது அது. கணிப்புத்தான், எனினும் கலங்கவைக்கும் கணிப்பு. 2024 மே திங்களில், தூசி நோய்களுக்கென நாடு தழுவிய பதிவேடு ஒன்றும் தொடங்கப்பட்டது. சிலிகோசிஸ் கண்ட மருத்துவர் அதைப் பதிவு செய்தே ஆகவேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் முதல், சிலிகாத் தூசி எழும் எல்லா வேலைகளுக்கும் கடுமையான விதிகள் வந்தன. எண்ணத் தொடங்கிவிட்டார்கள். எண்ணப்படாத சாவுக்கு எந்த அரசும் விடை சொன்னதில்லை. ஆகவே எண்ணுவதும் ஒரு போராட்டமே.

'கடல் கடந்த கதையை எனக்கேன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறாய்?' என்று கேட்கிறாயா? கோலார் தங்க வயலை மறந்துவிட்டாயா, தோழனே! வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற ஏழைத் தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியிலே பிறந்தோர், பூமியை இரண்டு மைல் ஆழம்வரை குடைந்தார்கள். மேலே வந்தது தங்கம். உள்ளே போனது இதே சிலிகாத் தூசி. 1940-களில் நடந்த மருத்துவ ஆய்விலே, சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேலானோரிடம் சிலிகோசிஸ் காணப்பட்டது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் எங்கெங்கோ மின்னுகிறது. இருமல் மட்டும் நம்மவரின் குடிசைகளிலே மிஞ்சியது. ஆஸ்திரேலியா தடுத்த அதே குவார்ட்ஸ் பலகைகளை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அங்கே தடுக்கப்பட்ட பொருள் இங்கே வார்க்கப்படுகிறதென்றால், அங்கே எழுந்த கேள்வி இங்கேயும் எழவேண்டாமா?

இத்தாலி நாட்டிலே இராமச்சீனி என்றொரு மருத்துவர், தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டிலேயே நூல் எழுதினார். நோயாளியைக் கண்டதும் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு, இன்னுமொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதுதான் அந்தக் கேள்வி. முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் பல மருத்துவமனைகளிலே அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. இருமலைக் கேட்கிறார்கள், காய்ச்சலைக் கேட்கிறார்கள், கைத்தொழிலைக் கேட்பதில்லை.

கேட்கவேண்டியவன் நீ. உன் தெருவிலே கல்லறுக்கும் பட்டறை இருந்தால், வாளின்மீது தண்ணீர் பாய்கிறதா என்று பார். தூசி உறிஞ்சும் பொறி இருக்கிறதா என்று கேள். அங்கே உழைப்பவனின் மார்பை எவரேனும் படமெடுத்துப் பார்த்தார்களா என்று கேள். அவனுக்குச் சங்கம் இருக்கிறதா என்று கேள். இல்லையேல், அமைக்கத் துணை நில். புதிய வீட்டுக்கு விருந்தினனாகச் சென்று மின்னும் மேடையைக் காண நேரிட்டால், 'அழகாக இருக்கிறது' என்று சொல்லுமுன், 'இதை அறுத்தவன் நலமாக இருக்கிறானா?' என்று ஒரு கணம் எண்ணிப் பார்.

ஆஸ்திரேலியக் கல்தச்சன் 1856-இல் உளியைக் கீழே வைத்தபோது, உலகத்துக்கு எட்டு மணி நேர வேலை என்ற ஒளி பிறந்தது. அவன் வழித்தோன்றல்கள் 2024-இல் வாளைக் கீழே வைக்கச் செய்தபோது, ஓர் உண்மை நிலைநாட்டப்பட்டது: உழைப்பவன் மூச்சை விலையாகக் கேட்கும் எந்தப் பொருளும் மலிவான பொருளல்ல.

தூசி மார்பிலே படிந்தபின் அதைத் துடைக்க வழியில்லை. படியாமல் தடுக்கத்தான் அரசு. அந்த அரசைத் தட்டி எழுப்பத்தான் சங்கம். சங்கத்துக்குத் துணை நிற்கத்தான், தோழனே, நீயும் நானும்!